சொப்பனக்காரரின் சர்வீஸ் நோட்டு

என் வீட்டுக்காரருக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது, பழக்கம் சொப்பனம் காண்பது. தொழிலில் இருபத்தாறு வருஷமாக யாரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை. பழக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் கண்ட சொப்பனம் அத்தனைக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். குட்டை உருவம், பெரிய மீசை, சட்டைப் பையில் டெஸ்டர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் லிஃப்டைப் பார்ப்பார். எங்கள் கல்யாணத்தன்று ஆலயத்திலிருந்து விருந்து அரங்குக்குப் போனோம். மூன்றாவது மாடி. லிஃப்டுக்குள் நாங்கள் இரண்டே பேர். ஏதாவது அன்பாகச் சொல்லப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். "கதவு ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். கணவராக என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். முகம் தெரியாதவர்களின் பற்களை நாள் முழுக்க ராவிப் பளபளப்பாக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு சொப்பனம்கூட வந்ததில்லை. அதில் இவருக்கு என்மேல் பரிதாபம். "உனக்கு மேலேருந்து லைனே கொடுக்கல போல" என்பார்.

இவருக்கு லைன் கிடைத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். ஓர் ஆஸ்பத்திரியில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது இவர். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? கரண்ட் வர ஒன்றரை மணி நேரமாயிற்று. அதுவரை சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தத் தூக்கத்தில், வேதத்தில் யாக்கோபு கண்ட ஏணியை இவரும் கண்டாராம். பூமியிலிருந்து வானம் வரைக்கும் ஏணி. தேவதூதர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். இவர் அடியில் நின்றுகொண்டு, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா" என்று அவர்களை ஒழுங்குபடுத்துகிறார். ஒரு தூதன் நின்று, "நீங்கதான் இதுக்கு சர்வீஸ் ஆளா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அன்றோடு ஆள் மாறிவிட்டார். அடுத்த வேதபாட வகுப்பில் யாக்கோபின் ஏணியைப் பற்றி ஒரு சந்தேகம் எழுப்பினார். ஒரே ஏணியில் ஒரே நேரத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ள மாட்டார்களா? எங்கள் போதகர் பொறுமைசாலி.

"அகலமான ஏணி, பிரதர்" என்றார்.

"அகலம் எவ்வளவுன்னு போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் பாஸ்டர்" என்றார் இவர். எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்போல இருந்தது.

அதற்குப் பிறகு சொப்பனங்கள் மளமளவென்று வர ஆரம்பித்தன. எல்லாம் மத்தியானச் சொப்பனங்கள். அவர் பார்க்கும் கட்டடங்களில் ஒன்றில், மொட்டை மாடிமேல் லிஃப்டின் மிஷின் ரூம் இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய ரப்பர் விரிப்பில் அரை மணி நேரம் படுப்பார். பக்கத்தில் மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சொப்பனம்.

மறந்துபோகக் கூடாது என்று அவற்றை எழுதியும் வைத்தார். எதில்? கம்பெனி கொடுத்த சர்வீஸ் நோட்டில். உபரியாக ஒன்று கையில் இருந்ததாம். அதில் கட்டங்கள் அச்சடித்தே வரும். தேதி, கண்ட கோளாறு, காரணம், எடுத்த நடவடிக்கை, கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்து. இவர் "கண்ட கோளாறு" கட்டத்தில் சொப்பனத்தை எழுதுவார். "காரணம்" கட்டத்தில் அதன் அர்த்தத்தை எழுதுவார். "வாடிக்கையாளர்" கட்டத்தில் சாயங்காலம் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். மாவு பிசைந்த கையோடு எத்தனை நாள் போட்டிருக்கிறேன்! "எடுத்த நடவடிக்கை" கட்டம் மட்டும் எப்போதும் வெறுமையாகக் கிடக்கும்.

"அதுல என்னங்க எழுதுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொப்பனத்துக்கு என்ன ரிப்பேர் பண்றது? வந்துச்சு, போச்சு" என்றார்.

நோட்டிலிருந்து ஒன்றிரண்டு சொல்கிறேன். கண்ட கோளாறு: நாற்சந்தியில் கோழி ஒன்று நின்று வண்டிகளைக் கைகாட்டி அனுப்புகிறது. காரணம்: சபையில் ஒழுங்கு குறைந்துவருகிறது. இன்னொன்று. கண்ட கோளாறு: என் பற்கள் எல்லாம் கொட்டுகின்றன. காரணம்: மனைவியின் லேபுக்கு ஆர்டர் வரும். மறுநாள் ஆர்டர் வந்தது உண்மைதான். பல் செட் செய்யும் லேபுக்குப் பல் ஆர்டர் வராமல் ஜன்னல் ஆர்டரா வரும்?

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிஷம். நேரம் பார்க்கப் பாடகர் குழுவில் ஓர் அத்தை இருக்கிறார். மூன்று நிமிஷம் ஆனதும் சின்ன வெண்கல மணியை அடிப்பார். மற்றவர்கள் மணியைக் கேட்டால் ஆமென் என்று சொல்லி உட்காருவார்கள். இவர், "அப்பதான் அந்தக் கோழி என்னைத் திரும்பிப் பாத்துச்சு" என்று தொடர்வார். அத்தை இரண்டாவது தடவை அடிப்பார். மூன்றாவது தடவை அடிக்கும்போது அவர் முகத்தில் கிறிஸ்தவ அன்பு ரொம்பக் குறைவாக இருக்கும்.

ஒருமுறை குருட்டாம்போக்கில் ஒரு சொப்பனம் பலித்துவிட்டது. பாடகர் குழுத் தலைவிக்கு வாயே இல்லாததுபோலக் கண்டதாகச் சாட்சி சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டி, பாட முடியாமல் போனது. முந்தின நாள் அவர் நான்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சபையே இவரைச் "சொப்பனக்காரர்" என்று கூப்பிட ஆரம்பித்தது. வேதத்தில் யோசேப்பை அவனுடைய அண்ணன்மார் கேலியாகக் கூப்பிட்ட பெயர் அது. இவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

எதிர்த்து நின்றவர் ஒருவர் மட்டும்தான். பரீட்சைத் தாள் திருத்தியே ஓய்வுபெற்ற வாத்தியார், எங்கள் சபை மூப்பர். எதற்கும் மார்க்கைக் குறைக்கிற கை அவருக்கு.

"மத்தியானச் சொப்பனம் செல்லாது பிரதர். வேதத்துல எல்லாரும் ராத்திரியிலதான் கண்டாங்க" என்றார்.

இவர் விடுவாரா? "பேதுரு மத்தியானம்தான் கண்டார். அதுவும் வீட்டு மேல்மாடியில. நானும் மாடியிலதான் கண்டேன். வானத்துலேருந்து நாலு மூலையும் கட்டின துணி இறங்கி வந்துச்சே, அதுவே ஒரு வகை லிஃப்ட்தான்."

"பேதுரு அப்ப பசியோட இருந்தார். நீங்க சாப்பிட்டுட்டுப் படுத்தீங்க. பாதி மார்க்."

அதை மனதில் வைத்துக்கொண்டு இவர் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். அந்த வாரம் கண்ட சொப்பனம் எல்லாம் சாப்பாடு. பேதுருவுக்கும் அப்படித்தானே வந்தது என்று இன்னும் உறுதியாகிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்படி அவர் பாட்டுக்குக் கோழியோடும் பல்லோடும் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மகளுக்கு அந்தக் கடிதம் வந்தது.

எங்களுக்கு ஒரே மகள். இருபத்துநான்கு வயது. குடிநீரைச் சோதித்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்கிற படிப்புப் படித்தவள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க விடமாட்டாள். ரயிலில் இரண்டு பகல் ஓர் இரவு போகிற தூரத்தில், பெரிய ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று பன்னிரண்டு நாளுக்குள், திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் சிறுவயதிலிருந்து அப்பா "போயிட்டு வா" என்று சொல்லாமல் அவள் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்தாள். இவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது பெரிய விஷயம்மா. கர்த்தர் சொல்லட்டும். ஒரு சொப்பனம் வரட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "அவ்ளோதானேப்பா? அவர்தான் தினமும் உங்ககூடப் பேசுறாரே!"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தினம் இரண்டு, மூன்று என்று வருகிறவருக்கு ஒன்று வராமலா போய்விடும்? மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் போய் நின்றாள்.

"வரல" என்றார்.

அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோழிக்கும் பல்லுக்கும் வந்த சொப்பனம், பெற்ற பெண்ணுக்கு வர மறுத்தது. இவரும் செய்யாத முயற்சி இல்லை. ரப்பர் விரிப்பைத் திருப்பிப் போட்டுப் படுத்தார். தலைமாட்டைக் கால்மாடாக்கினார். வேறு கட்டடத்து மிஷின் ரூமுக்குப் போய்ப் படுத்தார். மூன்று அவித்த முட்டையைச் சாப்பிட்டுப் படுத்தார், அதற்குப் பலன் வேறு விதமாக வந்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கியும் பார்த்தார். அதை அவர் எல்லாப் புதன்கிழமையும் செய்வார், முயற்சி என்று பெயர் வைத்தது அந்த வாரம்தான்.

மகள் சூட்கேஸைக் கீழே இறக்கித் துடைத்து வைத்தாள். இரண்டு உடுப்பை எடுத்து வைப்பாள், சாயங்காலம் "வரல" என்று கேட்டதும் வெளியே எடுப்பாள். ஒன்பதாவது நாள் என்னிடம் வந்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றாள்.

"வேணாம்னு சொன்னாக்கூட ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவேம்மா. வரல வரலன்னா நான் என்ன பண்றது? கர்த்தர்கிட்ட போய்ச் சண்டை போட முடியுமா?"

அவள் ஒன்றும் நிலவைக் கேட்கவில்லை. ஒரு வேலை, அவள் படித்த படிப்புக்கு வந்த வேலை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சொப்பனம் அவருக்கு வரவில்லை என்றால் எனக்கு வரட்டும்.

சனிக்கிழமை காலையில் லேபில், யாரோ ஒரு தாத்தாவின் மேல் தாடைப் பல் செட்டை ராவிக்கொண்டே சொப்பனத்தை ஜோடித்தேன். கோழி, பல் எதுவும் வேண்டாம், கண்ணியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி லிஃப்ட் ஒன்றை வைத்தேன். ஒத்திகைகூடப் பார்த்தேன். பல் செட் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "என்னங்க, எனக்கு ஒரு சொப்பனம் வந்துச்சுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இருபத்தாறு வருஷத்தில் நான் சமைத்த எதற்கும் அப்படி மலர்ந்ததில்லை. நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினார். பேனாவை உதறிக்கொண்டார்.

"சொல்லு, சொல்லு. நிதானமா சொல்லு. எத்தனை மாடி?"

"மாடியா? அது, எட்டு மாடி. நம்ம பொண்ணு லிஃப்டுக்குள்ள நிக்கிறா. வெள்ளை உடுப்பு. ஒரே வெளிச்சம். அப்படியே என்னைப் பாத்துக் கையாட்டிக்கிட்டே மேல போறா. போகப் போக வெளிச்சம் அதிகமாகுது."

எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "கையாட்டினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? கதவுல கண்ணாடியா?"

"கதவு திறந்திருந்துச்சுங்க. திறந்தபடியேதான் போச்சு."

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஏறாது" என்றார்.

"சொப்பனத்துலகூடவா?"

"எதுலயும் ஏறாது. கதவு முழுசா மூடி, பூட்டு விழுந்தாத்தான் மோட்டாருக்குக் கரண்டே போகும். அதுக்குன்னே ஒரு சுவிட்ச் இருக்கு. கர்த்தர் கொடுத்த சொப்பனம்னா அவருக்கு அது தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க சொப்பனத்துல கோழி போலீஸா நின்னுச்சே!"

"கோழி நிக்கலாம். அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல. கதவு திறந்து லிஃப்ட் போறது அப்படியா?" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "இது நீ கட்டின கதை."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமா, கட்டினதுதான். பொண்ணு பத்து நாளா செத்துச் செத்துப் பிழைக்குது. நீங்க முட்டைய முழுங்கிட்டுப் படுக்கறீங்க. நான் வேற என்ன பண்றது?" என்று கத்திவிட்டேன்.

கர்த்தர் பெயரால் பொய்ச் சொப்பனம் சொல்வது வேதத்தில் எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று குதித்தார். "வா, பாஸ்டர்கிட்ட போவோம்" என்றார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகிற மாதிரி நாலு தெரு தாண்டிக் கூட்டிப்போனார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் போனேன்.

போதகர் மறுநாள் ஆராதனைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். பனியனோடு இருந்ததால் கொஞ்சம் கூச்சப்பட்டார், ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இவர் குற்றப்பத்திரிகை வாசித்து முடித்தார். கதவுப் பூட்டு வேலை செய்யும் விதத்தையும் விளக்கினார்.

"சிஸ்டர், பொய் சொன்னது தப்புதான்" என்றார் போதகர்.

"தப்புதான் பாஸ்டர்."

"சரி, அது முடிஞ்சுது." சட்டையைத் திருப்பிப் போட்டார். "பிரதர், உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க. ஆறு வருஷமா கேள்விப்படறேன், கண்ணால பாத்ததில்ல."

இவர் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். போதகர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் சிரித்தார், கோழிப் பக்கமாக இருக்க வேண்டும்.

"எடுத்த நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கே. எல்லாப் பக்கத்துலயும் காலியா இருக்கே பிரதர்?"

"சொப்பனத்துக்கு என்ன நடவடிக்கை பாஸ்டர்?"

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மரியாளோட கணவர் யோசேப்பை எடுத்துக்குங்க. நாலு தடவை கர்த்தர் அவர்கிட்ட சொப்பனத்துல பேசினார். அவர் அதைப் பத்தி யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னதா எழுதியிருக்கா? தேடிப் பாருங்க, அவர் வாய் திறந்ததாவே இல்ல. சொப்பனம் கண்டார், எழுந்தார், சொன்னதைச் செஞ்சார். மரியாளைச் சேத்துக்கிட்டார். பிள்ளைய எடுத்துக்கிட்டு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்தார். நம்மளுக்கு வர்ற சொப்பனத்துல பாதி வேலை அலுப்புல வருது, மீதி வயித்துலேருந்து வருது. அது போகட்டும். கர்த்தர் கொடுத்தது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, நான் ஒண்ணுதான் சொல்வேன். அது உங்களை எழுப்பி நிக்க வைக்கும். எழுந்திருக்கப் பிடிக்காமலும் இருக்கும்."

பேசிக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். "இதுல சிஸ்டர் கையெழுத்து இல்லையே?"

இவர் சட்டென்று கையை நீட்டி அந்தப் பக்கத்தை மறைத்தார். "அது வேணாம் பாஸ்டர்."

நான் எட்டிப் பார்த்தேன். தேதி மட்டும் தெரிந்தது. கடிதம் வந்ததற்கு மறுநாள். முதல் தடவை "வரல" என்று சொன்ன நாள்.

இஸ்திரிப் பெட்டி சூட்டில் டிக் டிக் என்றது. இவர் அவராகவே கையை எடுத்தார்.

"முதல் நாளே வந்துடுச்சு" என்றார்.

வழக்கமாகச் சொப்பனம் சொல்லும்போது வரும் குரல் இல்லை அது. கோழி இல்லை, தூதர்கள் இல்லை. மகள் லிஃப்டுக்குள் தனியாக நிற்கிறாள், மாடிகளுக்கு நடுவில். இவர் மேலே மிஷின் ரூமில் நிற்கிறார். பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடி இவர் கையில் இருக்கிறது. அதை அழுத்தினால் லிஃப்ட் நகரும். "அப்பா, விடுங்கப்பா" என்று கீழேயிருந்து குரல் கேட்கிறது. இவர் அழுத்தவில்லை. அவ்வளவுதான் சொப்பனம்.

"அழுத்தினா கீழ விழுந்துடுவாளோன்னு பயந்தீங்களா?" என்று போதகர் கேட்டார்.

"இல்ல பாஸ்டர். உள்ள ஒரே ஆளுன்னா, பிரேக்கை விட்டா லிஃப்ட் கீழ போகாது. அந்தப் பக்கம் தொங்கற எடை அதிகம். தானா மேலதான் போகும்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "மேல போயிடுவாளேன்னுதான்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்து நாளாக இந்த மனுஷன் விரிப்பைத் திருப்பிப் போட்டதும் முட்டை தின்றதும், வேறு ஒரு சொப்பனம் வந்து இதை அழித்துவிடாதா என்றுதான். நான் ஒரு பொய் சொன்னதற்கு என்னை நாலு தெரு இழுத்து வந்தார். அவர் தினம் ஒன்றாக இத்தனை நாளும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தச் சின்ன மனிதரைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது. போதகர் ஜெபம் பண்ணினார், சுருக்கமாக. பிறகு சட்டை தேய்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சூட்கேஸ். இவர் எதிரே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடமே கொடுத்தார். அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"பத்து நாளாப்பா? பத்து நாளா நான் இந்தப் பெட்டியத் திறந்து திறந்து மூடினேன்!"

"தெரியும்மா. ஜிப் சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு."

அவள் கத்தியிருந்தால் நான் அவள் பக்கம்தான் பேசியிருப்பேன். அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் நோட்டை வாங்கினார். ஆறு வருஷமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் எழுதினார், எழுத்து கோணலாக விழுந்தது. "பிரேக் விடப்பட்டது." பிறகு நோட்டை அவள் பக்கம் திருப்பி, வாடிக்கையாளர் கட்டத்தில் விரலை வைத்தார்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "இனிமே தண்ணியக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும், நான் இல்லன்னு சும்மா குடிக்கக் கூடாது" என்று அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பதில் அன்றே மின்னஞ்சலில் போய்விட்டது.

மறுநாள் சாட்சி நேரத்தில் இவர் எழுந்தார். சபை வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. தாள் திருத்தும் மூப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை மணியைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"என் மக வேலைக்காக வெளியூர் போறா. கர்த்தர் முதல் நாளே சொல்லிட்டார். நான்தான் மறைச்சேன். எல்லாரும் அவளுக்காக ஜெபம் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சபை இன்னும் காத்திருந்தது. யாருக்கும் முடிந்துவிட்டது என்று புரியவில்லை. அத்தைக்குக் கை பழகிப்போயிருந்ததால், இவர் உட்கார்ந்த பிறகு ஒருமுறை மணியை அடித்துவிட்டு, அசடு வழியச் சுற்றிலும் பார்த்தார். வெளியே வரும்போது மூப்பர் இவர் கையைப் பிடித்து, "முழு மார்க்" என்றார்.

வியாழக்கிழமை காலை ரயில். ஸ்டேஷன் லிஃப்டில் இவர் ஒருமுறை தனியாக ஏறி இறங்கிச் சோதித்த பிறகுதான் மகளையும் சூட்கேஸையும் அதில் ஏற விட்டார். ரயில் போன பிறகு நேரே வேலைக்குப் போனார். நான் லேபுக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து, அவள் கட்டிலில் அவள் தலையணையில் சும்மா சாய்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு வாழ்க்கையிலேயே முதல் சொப்பனம் வந்தது.

சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் போய் நின்றேன். "என்னங்க, எனக்கு ஒரு சொப்பனம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு."

சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் நோட்டை எடுத்தார்.

"அவ லிஃப்டுல மேல போறா. ஏதோ தின்னுக்கிட்டே போறா, பிஸ்கட்டோ என்னவோ. நீங்க கீழ நின்னு கத்தறீங்க, இப்படிப் போகக் கூடாது, போகவே கூடாதுன்னு. அவ பாட்டுக்குப் போறா."

"ஏன் கத்தறேன்? கதவு?"

"திறந்துதான் இருந்துச்சு. நான் என்ன பண்றது? அப்படித்தான் வந்துச்சு."

பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. இப்போது பூட்டைப் பற்றி ஆரம்பிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அவ பயந்தாளா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்கூட இல்லங்க."

"சரி, அப்ப போகட்டும்" என்று முழுவதையும் எழுதினார், திறந்த கதவு உட்பட. நடவடிக்கைக் கட்டம் வந்ததும் என்னைப் பார்த்தார். அவளுக்கு இப்போதே போன் பண்ண வேண்டும், என்ன தின்றாள் என்று கேட்க வேண்டும் என்றேன். அதையும் எழுதினார். பிறகு, ஆறு வருஷமாக நான் போட்ட கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.